விமானம் நாலு மணி நேரம், வேன் எத்தனை மணி நேரம்?

இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தால் நடுவே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்குப் போட்டுச் சொல்கிற நிறுவனத்தாருக்கும், செயலி நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

ஐயா, அம்மா,

வணக்கம். திருத்துறைப்பூண்டியில் சின்னதாக ஒரு டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், பெட்டி எடை பார்க்கத் தொங்கு தராசு, வந்தவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் கடை. சிங்கப்பூர், மலேசியா, துபாய், அபுதாபி என்று போகிற பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பாட்டிமார்களுக்கும் டிக்கெட் போட்டே தலை நரைத்துவிட்டது.

கடைக்குள் வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையை. அடுத்துக் கேட்பது, "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" இந்தக் கேள்விக்கு நான் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவேன். திருச்சி – சிங்கப்பூர், 2,980 கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி பத்து நிமிடம். கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். "அட, மெட்ராசுக்கே ராத்திரி பூரா போவணும், இது நாலு மணி நேரந்தானா?"

நீங்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர் யாரும் நாலு மணி பத்து நிமிடத்தில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உலகப்படத்தில் திருச்சியையும் சிங்கப்பூரையும் ஒரு கோட்டால் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் தூரம் அளக்கப் போடும் அதே கோடுதான், உருண்டை பூமியின் மேல் வளைந்து போகிற பெருவட்டக் கோடு. அது திருச்சியிலிருந்து கிழக்கே கிளம்பி, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, ஒரத்தநாட்டை ஒட்டி, பட்டுக்கோட்டைக்கு வடக்கே, திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் புகுந்து, வேதாரண்யத்துப் பக்கம் கடலுக்குள் போகிறது. நிஜ விமானம் வான்பாதையை அனுசரித்து அப்படி இப்படி விலகும், அது வேறு. ஆனாலும் கோடு போவது எங்கள் வயலுக்கு மேலேதான்.

எங்கள் தெருவில் ஒரு அப்பாயி இருக்கிறார். பேரனை வழியனுப்ப வேனில் போக முடியாது, முழங்கால் வலி. வீட்டு வாசலிலேயே திருநீறு பூசி அனுப்பிவிட்டு, நடுராத்திரிக்கு மேல் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துவிடுவார். விளக்கு மினுக்கிக்கொண்டு ஏதாவது ஒன்று கிழக்கே போனால், "அந்தா போறான் பாரு" என்பார். அது பேரன் போகிற விமானமா, வேறு எந்த ஊர் விமானமோ, யார் கண்டது! ஆனால் கணக்கு சரியாகத்தான் வரும். திருச்சியில் மேலே ஏறிய விமானம் கால் மணி நேரத்துக்குள் எங்கள் ஊர் வானத்துக்கு வந்துவிடும். அவனை இறக்கிவிட்டு வரும் வேன் அப்போது விமான நிலையத்து வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கும். அது ஊர் திரும்ப விடிந்துவிடும்.

ஆக, கிழக்கே போக வேண்டியவன் முதலில் மேற்கே 120 கிலோமீட்டர் போகிறான். மூன்று மணி நேரம். அப்புறம் அதே நிலத்தைக் கால் மணி நேரத்தில் தாண்டித் திரும்பி வருகிறான். உங்கள் கணக்கு இந்தக் கால் மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது. எங்கள் கணக்கு அந்த மூன்று மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது.

கணக்கு எப்படி வருகிறது என்பது எனக்கும் ஓரளவு தெரியும். இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருவட்டத் தூரம் கண்டுபிடிக்கிறீர்கள். மணிக்கு எண்ணூறு சொச்சம் கிலோமீட்டர் வேகம் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. விமான நிறுவனம் டிக்கெட்டில் போடும் நேரம் இன்னொரு வகை. விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கும் நேரத்திலிருந்து, போன ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நேரம் வரை. லாரிக்குப் பின் சக்கரத்தில் கல் வைப்பது போலத்தான் அதுவும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். திருச்சிக்கும் சென்னைக்கும் நேர்த் தூரம் 290 கிலோமீட்டர் அளவுதான். வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்றோ அதற்கு மேலோ போட்டிருப்பதன் காரணம் இதுதான்.

காற்று இருக்கிறதே, அது தனிக் கதை. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்றை எதிர்த்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பதால், ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றில் சிங்கப்பூர் விமானம்கூட மேற்கே பார்த்து ஏறி, ஒரு வளைவு வளைந்து கிழக்கே திரும்பும். உயரத்தில் இன்னொரு காற்று. தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று ஓடுகிறது. அதைப் பற்றி 1950களில் எழுதி உலகத்துக்கே தெரியச் செய்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம். கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று! குளிர்காலத்தில் வடக்கே மேல்காற்று பலப்படும். துபாயிலிருந்து வருகிற பையன் சீக்கிரம் வந்து இறங்குவான், போகிறவன் கொஞ்சம் தாமதமாகப் போவான். உங்கள் திரையில் இரண்டுக்கும் ஒரே நேரம். இதைப் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. பத்து இருபது நிமிடத்தில் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கெட்டுப்போவது கடிகாரத்தில்.

முத்துப்பேட்டை பாய் ஒருவர் என் கடைக்குப் பழைய வாடிக்கை. மூத்த மருமகன் துபாயில், இளையவர் சிங்கப்பூரில். "துபாய்தாங்க கிட்டக்க. சிங்கப்பூரு ரெண்டு பங்கு தூரம்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் அப்படி என்று ஒரு நாள் கேட்டேன். டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். துபாய்க்குக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்கிறது: இரண்டே முக்கால் மணி நேரம். சிங்கப்பூருக்கு ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பி ஏழு இருபத்தைந்துக்குச் சேர்கிறது: ஆறு மணி நாற்பது நிமிடம். அவர் கழித்தலில் தப்பே இல்லை.

நிஜத்தில் திருச்சியிலிருந்து இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே தூரம். துபாய் 2,940 கிலோமீட்டர் அளவு, சிங்கப்பூர் 2,980 அளவு. இரண்டுக்கும் நாலு மணி நேரம் சொச்சம்தான். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். காவிரிக்காரன் தராசு முள் மாதிரி நடுவில் நிற்கிறான். இதைச் சொன்னதும் பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சின்ன மாப்ளைதான் இத்தனை நாளா என்னை ஏமாத்திருக்காரு, தூரம் தூரம்னு வராம" என்றார்.

இதில் இன்னொரு சிக்கல், பழைய ஆட்கள் சிங்கப்பூருக்கு இரண்டு மணி நேர வித்தியாசம் என்று சாதிப்பார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரிதான். 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது. அதற்கு முன் இரண்டு மணி நேரம்தான். அவர்களுக்கும் முந்திய தலைமுறைக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாகப் போகிறவர்களுக்குக் கணக்கு நாளில்தான். மணி யார் பார்த்தார்கள்?

நேரத்தை அந்தந்த ஊர் மணியில் போடுவதுதான் உலக வழக்கம், மாற்றச் சொல்லவில்லை. பக்கத்திலேயே, "அங்கே மணி 7.25 ஆகும்போது நம் ஊரில் 4.55" என்று ஒரு வரி தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? மகன் இறங்கிவிட்டானா என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும் தாய்க்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

அடுத்தது என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். கோட்டூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மகனுக்கு டிக்கெட் எடுத்துப் போனார். 14-ம் தேதி, 00.40 மணி. அவர் வீட்டில் எல்லோரும் 14-ம் தேதி ராத்திரி என்றே நினைத்துக்கொண்டார்கள். நல்ல நேரம் பார்த்து, 14-ம் தேதி சாயங்காலம் வேனில் பெட்டியை ஏற்றி, போகிற வழியில் என் கடையில் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். கையில் வெற்றிலை பாக்கு. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. விமானம் அன்று அதிகாலையே போய்விட்டது. 13-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்தில் இருந்திருக்க வேண்டிய பையன், 14 சாயங்காலம் புதுச் சட்டையோடு என் கடை வாசலில் நிற்கிறான். புது டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் நான் போட்டேன். அந்த வீட்டார் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நம் ஊரில் நாள் என்பது சூரிய உதயத்தில் பிறக்கிறது. பஞ்சாங்கம் அப்படி, வீட்டுப் பேச்சும் அப்படி. ராத்திரி ஒரு மணியை யாரும் மறுநாள் என்று நினைப்பதில்லை. "விடிஞ்சா வெள்ளிக்கிழமை" என்றுதான் சொல்வார்கள். திருச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற விமானங்களில் நடுராத்திரிக்கு மேல் கிளம்புவது நிறைய. அந்த டிக்கெட்டில் எல்லாம், "13-ம் தேதி வியாழன் இரவு, விடிந்தால் 14 வெள்ளி" என்று எழுதினால் கோட்டூர்ப் பையன் மாதிரி இன்னொருவன் நிற்க மாட்டான்.

தஞ்சாவூர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டி என்று போட்டால் உங்களில் சிலர், அருகிலுள்ள விமான நிலையம் தஞ்சாவூர் என்று காட்டுகிறீர்கள். அதற்கு டி.ஜே.வி. என்று மூன்றெழுத்துக் குறியீடும் இருக்கிறது. தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம் ஐயா. 2013 மே மாதம் திறந்தது. 2020 ஜனவரியிலிருந்து சுகோய் போர் விமானப் படைப்பிரிவு அங்கே இருக்கிறது. அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கிறோம், ஏறத்தான் முடியாது. சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து போன் போட்டு, "அண்ணே, தஞ்சாவூர்லயே எறங்கிக்கிறேன், ஏன் திருச்சி வரைக்கும் வண்டி அனுப்புறீங்க" என்றார். "சுகோய்ல வர்றியாடா?" என்று கேட்டேன். குறியீடு வந்ததால் இதையும் சொல்கிறேன்: திருச்சி டி.ஆர்.இசட்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி., திருப்பதி டி.ஐ.ஆர். அவசரத்தில் ஒரு எழுத்து மாறினால் வேறு மாநிலம். ஊர்ப் பெயரைத் தமிழில் பெரிதாகப் போடுங்கள் என்று கேட்பது மொழிப்பற்றில் மட்டும் இல்லை.

இப்போது வேனுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் சாலைத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது வீண். மாதத்தில் சொல்ல வேண்டும். தையில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு லாரி முன்னால் போகும், தாண்ட முடியாது. சாலையில் பாதியை அடைத்து நெல் காயும். அதன் மேல் வண்டி ஏற்ற எந்த டிரைவருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை ஏற்றும் லாரி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வடவாற்றங்கரை, பாமணியாற்றங்கரைச் சாலைகளில் ராத்திரியில் எது பள்ளம் எது தண்ணீர் என்று தெரியாது. திருவாரூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் போதாதென்று நீடாமங்கலம் ரயில்வே கேட். அங்கே கேட் மூடியிருந்தால், சரக்கு ரயிலும் எஞ்சின் மாற்றுகிற ரயிலும் போய் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் செயலிக்கு மட்டுமல்ல, கேட்டுக்குப் பக்கத்தில் கடலை விற்கிறவருக்கும் சொல்லத் தெரியாது. தஞ்சாவூர் தாண்டிவிட்டால் நாலுவழிச் சாலை, கவலை இல்லை. அங்கிருந்து திருச்சி ஐம்பத்தைந்து கிலோமீட்டரும் ஒரு கணக்கில் வந்துவிடும். தஞ்சாவூருக்குக் கிழக்கேதான் எல்லாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. அடுத்த பல நாட்கள் எங்கள் ஊரிலிருந்து எந்தச் சாலையும் நேராக இல்லை, தென்னையும் மின்கம்பமும் குறுக்கே. கரண்ட் இல்லை, போன் இல்லை. விடுப்பு முடிந்து திரும்ப வேண்டிய பையன்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், மரத்தைத் தாண்டி பைக் மாறி பைக் மாறிப் போனார்கள். மன்னார்குடி போகவே அரை நாள் ஆனது என்று ஒருவன் சொன்னான். வீட்டுக்கூரை போய், விழுந்த மரத்தை வெட்டக்கூட ஆள் இல்லாமல் அப்பாவைத் தனியே விட்டுப் போகிறவன் அவன். அன்றைக்கும் உங்கள் திரையில் அதே நாலு மணி பத்து நிமிடம்தான் இருந்திருக்கும்.

நாகப்பட்டினத்துக்காரர்கள் என்னைவிடக் கோபப்படலாம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறை கடல் வழியில் 110 கிலோமீட்டர் அளவுதான். 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், நின்றது, மறுபடி 2024 ஆகஸ்டில் விட்டார்கள். கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது. 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சி – யாழ்ப்பாணம் விமானம் வந்தது, சந்தோஷம். அதைப் பிடிக்க நாகப்பட்டினத்துக்காரர் மேற்கே 140 கிலோமீட்டர் போய், அப்புறம் கிழக்கே பறந்து, தன் கடலையே தாண்டிப் போக வேண்டும். பறக்கிற நேரத்தைப்போல மூன்று பங்கு நேரம் சாலையில். அதற்குப் பெயர் ஒரு மணி நேரப் பயணமா?

சென்னை விஷயத்தில் எங்கள் ஆட்கள் எப்போதோ தெளிந்துவிட்டார்கள். மன்னார்குடியில் ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் எழும்பூர். விமானத்தில் போகிறேன் என்று கிளம்பி, திருச்சி போய், முன்கூட்டியே போய்க் காத்திருந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போய்ச் சேர்வதைக் கூட்டினால் ஏறத்தாழ அதே நேரம்தான் வருகிறது, தூக்கம்தான் மிச்சம் இல்லை. ரயில் கிடைக்காதவர்களும், இறப்புக்குப் போகிறவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும்தான் சென்னைக்கு என்னிடம் விமான டிக்கெட் எடுக்கிறார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். பறக்கும் நேரத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்குக் கீழே வீட்டிலிருந்து ஆகும் நேரத்தையும் போடுங்கள் என்கிறேன். உங்களுக்கு இது கடினமே இல்லை. சாலை வரைபடம் உங்களிடம் இருக்கிறது, எந்த நேரத்தில் எந்தச் சாலை நெரிகிறது என்பதும் இருக்கிறது. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும் என்பதும் தெரியும். கூட்டிக் காட்ட வேண்டியதுதானே? திருத்துறைப்பூண்டியில் சாயங்காலம் ஐந்தரைக்கு வேன் ஏறுகிறவன், நடுராத்திரி தாண்டிப் பறந்து, சிங்கப்பூரில் குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வரும்போது நம் ஊர் மணி காலை ஆறு. பன்னிரண்டரை மணி நேரம். உங்கள் நாலு மணி பத்து நிமிடம் அதில் மூன்றில் ஒரு பங்கு. வேதாரண்யம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், பேராவூரணி என்று தேடினால் அந்தந்த ஊரிலிருந்து ஆகும் நேரம் வர வேண்டும். திருச்சியிலிருந்து பறக்கிறவர்கள் எல்லோரும் திருச்சிக்காரர்கள் இல்லை. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். அந்த ஊரின் பெயரைத் தட்டினால் "இடம் கிடைக்கவில்லை" என்று வருகிற செயலியை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிக் காட்டினால் இன்னொன்றும் நடக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. பேருந்து விடுகிறவர்கள் கண்ணில் அந்தப் பன்னிரண்டரை மணி நேரம் ஒரு நாள் படும். திருச்சியில் புது முனையம் 2024-ல் வந்துவிட்டது. வருடத்துக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் என்கிறார்கள், பளபளவென்று கோபுரச் சிற்பமும் ஓவியமுமாக நன்றாகத்தான் இருக்கிறது. அதன் வாசலுக்கு நடுராத்திரி விமானத்துக்குத் தோதாக மன்னார்குடியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ நேர்ப் பேருந்து ஒன்று வந்தால், இருபத்தைந்து கிலோ பெட்டிக்கும் ஒரு பையனுக்கும் ஒரு முழு வேன் பிடிக்க வேண்டியிருக்காது. வழியனுப்ப வேன் நிறைய ஆள் போவது வேறு விஷயம், அதை நிறுத்த உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

உங்கள் பதில் வரும்வரை நான் பழைய முறையையே வைத்திருக்கிறேன். டிக்கெட்டோடு சேர்த்து என் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன். இன்றைக்கு எழுதியது இது:

"வியாழன் சாயங்காலம் 5.30-க்கு வீட்டில் வேன் ஏறவும். மழை பெய்தால் 4.30. சாப்பாடு கட்டிக்கொள்ளவும். ராத்திரி 9.45-க்குள் விமான நிலையம் உள்ளே போய்விடவும். விமானம் ஏறும்போது தேதி மாறியிருக்கும், பயப்பட வேண்டாம். பெட்டி 25 கிலோ, ஊறுகாய் பாட்டில் கைப்பையில் கூடாது. இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்யவும், அப்போது இங்கே விடிந்திருக்காது, பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பார்கள்."

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி டிக்கெட் கடைக்காரன்